விவரத்தாளில் 10 ஜிகாபிட், கையில் 650 மெகாபிட்: மிச்சம் எங்கே போகிறது?

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் 60 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டிருக்கிறார்: "1 ஜிகாபிட் இணைப்பை 10 ஜிகாபிட்டாக மாற்றினோம். ஃபயர்வாலின் விவரத்தாளிலும் 10 ஜிகாபிட் என்றுதான் இருக்கிறது. ஆனால் வேகத்தைச் சோதித்தால் 650 மெகாபிட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. மதியம் 2 மணிக்கு ஜூரோங் கிளைக்கு விபிஎன் (இணையத்தினூடே ஓடும் பூட்டிய தனிக்குழாய்) வழியாக பேக்கப் தொடங்கியதும் சிலருடைய வீடியோ கூட்டங்கள் விட்டுவிட்டு வருகின்றன. பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஃபயர்வாலின் சிபியு 30 சதவீதம்தான் காட்டுகிறது. லைனில் கோளாறா, பெட்டியில் கோளாறா? பெரிய பெட்டி வாங்கச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்கலாமா?"

முதலில் சுருக்கமான பதில். லைனில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஃபயர்வாலும் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் பெட்டி) கெட்டுப்போகவில்லை. நீங்கள் அதற்குக் கொடுக்கும் வேலை ஒன்று, 10 ஜிகாபிட் என்று அச்சடித்தபோது அளந்த வேலை வேறொன்று. இப்போதைக்குப் புதுப் பெட்டி வேண்டாம். இதை விரிவாகவே எழுதுகிறேன். நாடு தழுவிய கண்ணாடி இழைக் கட்டமைப்பை 10 ஜிகாபிட்டுக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை செலவிடப்போவதாக 2024 பிப்ரவரியில் அரசாங்கம் அறிவித்ததிலிருந்து, இதே சந்தேகம் பலருக்கும் வருகிறது. வீட்டுக்குள் வரும் குழாய் பெரிதாகிவிட்டது, குழாய்முனை பழையதாகவே இருக்கிறது.

மலேசிய எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர் போகும் வண்டிகளின் வரிசை, பாலத்தின் அகலத்தால் மட்டும் நீள்வதில்லை. ஒவ்வொரு வண்டியும் முகப்பில் நின்று, கடப்பிதழைக் காட்டி, அப்புறம்தான் நகர வேண்டும். லாரியானாலும் சரி, மோட்டார் சைக்கிளானாலும் சரி, ஒரு வண்டிக்கு ஒரு நிறுத்தம். ஒரு லாரிச் சரக்கை மோட்டார் சைக்கிள்களில் பிரித்துக் கட்டினால் அதே சரக்குக்கு நூற்றுக்கணக்கான நிறுத்தங்கள் ஆகிவிடும். தகவலை வழியனுப்பும் ரூட்டரின் பிழைப்பும் இதுதான், ஃபயர்வாலின் பிழைப்பும் இதுதான். தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்தே வருகிறது. பாக்கெட் 64 பைட்டோ 1,518 பைட்டோ, அதன் தலைப்பைப் படித்து, அட்டவணையில் தேடி, எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் ஒரு ரூட்டரின் உண்மையான திறமையை வினாடிக்கு எத்தனை பிட் என்பதைவிட, வினாடிக்கு எத்தனை பாக்கெட் என்பதே சரியாகச் சொல்லும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அலுவலகக் கம்பிகளில் ஓடும் ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் (பாக்கெட்டைச் சுமக்கும் உறை) 64 பைட். கம்பியில் ஏறும்போது முன்னால் 8 பைட்டும், அடுத்த ஃபிரேமுக்கு முன் 12 பைட் இடைவெளியும் சேர்ந்து 84 பைட் இடத்தைப் பிடிக்கிறது. 10 ஜிகாபிட் லைனை இந்தச் சின்ன ஃபிரேம்களால் நிரப்பினால் வினாடிக்கு 14.88 மில்லியன் பாக்கெட் வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோவினாடி. 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸருக்கு அது சுமார் 200 துடிப்பு. பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன நினைவகத்தில் இல்லாத ஒரு தகவலை மெயின் மெமரிக்குப் போய் எடுத்து வருவதற்குள்ளேயே அந்த நேரம் தீர்ந்துவிடும். அதே லைனை 1,518 பைட் ஃபிரேம்களால் நிரப்புங்கள். வினாடிக்கு 0.81 மில்லியன் பாக்கெட்தான் வரும். லைன் இரண்டு முறையும் நிரம்பியே இருக்கிறது, ஆனால் பெட்டியின் உழைப்பில் 18 மடங்கு வித்தியாசம்.

அலுவலகத்தில் யார் இப்படிச் சின்னப் பாக்கெட் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும்தான். இணையவழிக் குரல் அழைப்பில் வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் போகும். ஒரு திசைக்கு வினாடிக்கு 50, ஒவ்வொன்றும் 200 பைட் அளவில். யாரோ ஒருவர் 1 ஜிகாபிட் வேகத்தில் ஒரு கோப்பை இறக்கினால், உள்ளே வரும் 80 ஆயிரம் பெரிய பாக்கெட்டுகளுக்கு மறுமொழியாக "வந்து சேர்ந்தது" என்று சொல்லும் சின்னப் பாக்கெட்டுகள் வினாடிக்கு 40 ஆயிரம் வரை திரும்பப் போகலாம். இதையெல்லாம் உத்தேசித்துத்தான் சோதனை செய்பவர்கள் 40 பைட் பாக்கெட் 7, 576 பைட் பாக்கெட் 4, 1,500 பைட் பாக்கெட் 1 (ஈதர்நெட் உறையைச் சேர்க்காத அளவுகள்) என்ற கலவையை நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கலவையின் சராசரி 340 பைட். விவரத்தாளின் முதல் வரியில் வரும் எண்ணோ பெரும்பாலும் 1,518 பைட்டுக்கு உரியது.

1999இல் ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் வந்த ஆர்எஃப்சி 2544 என்ற அளவீட்டு முறை, 64 முதல் 1,518 பைட் வரை ஏழு அளவுகளிலும் சோதித்து ஏழு எண்களையும் சொல்லச் சொல்கிறது. விளம்பரத்துக்குப் பெரியதை எடுத்துக்கொள்கிறார்கள். ரூட்டர் தயாரிக்கும் மைக்ரோடிக் நிறுவனத்தை இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிக்கும். 64, 512, 1,518 பைட் மூன்றுக்கும், விதி எதுவும் இல்லாமலும் 25 வடிகட்டு விதிகளைப் போட்டும், தனித்தனி எண்களை அட்டவணையாகவே வெளியிடுகிறார்கள். 25 விதி போட்டதும் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதை அங்கே ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், பிறகு எந்த விவரத்தாளையும் வேறு கண்ணோடு படிப்பீர்கள்.

உங்கள் ஃபயர்வால் எந்தத் தயாரிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. சிறிய அலுவலகங்களில் பரவலாக இருக்கும் ஃபோர்ட்டிகேட் 60எஃப் என்ற மாடலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அதன் விவரத்தாளில் ஃபயர்வால் வேகம் 10 ஜிகாபிட். சில வரி கீழே வந்தால் ஊடுருவல் தடுப்பை இயக்கும்போது 1.4 ஜிகாபிட். வைரஸ் சோதனையும் செயலிக் கட்டுப்பாடும் சேர்ந்தால் 700 மெகாபிட். இணையத் தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் குறியாக்கத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் 630 மெகாபிட். எல்லாம் தயாரிப்பாளரே அச்சிட்ட எண்கள்தான், மறைத்தது எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தப் பெட்டியின் ஒவ்வொரு போர்ட்டும் (கம்பியைச் செருகும் துளை) 1 ஜிகாபிட் போர்ட். 10 என்பது எல்லாப் போர்ட்டுகளிலும் ஓடுவதைக் கூட்டிய கணக்கு. 10 ஜிகாபிட் லைனை அதில் செருகினாலும் ஒரு போர்ட்டுக்குள் 1 ஜிகாபிட்டுக்கு மேல் நுழையாது. உங்கள் பெட்டியின் வெளிப்பக்கப் போர்ட் எத்தனை ஜிகாபிட் என்பதை இன்றைக்கே பாருங்கள். அப்புறம் உங்கள் 650ஐ விவரத்தாளின் கீழ் வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு அந்த எண் கொஞ்சமும் ஆச்சரியம் தரவில்லை.

இந்த இறக்கத்தின் காரணம் தெரிந்திருந்தால் பல முடிவுகளைச் சுலபமாக எடுக்கலாம். திரும்பவும் உட்லண்ட்ஸ். 2024 மார்ச்சிலிருந்து காரில் போகிறவர்கள் கடப்பிதழைக் கொடுக்காமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகலாம். காரில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஒரே குறியீடு போதும். ஆளுக்கு ஆள் கடப்பிதழைப் புரட்டும் வேலை இல்லாததால் வரிசை நகர்கிறது. ஃபயர்வாலும் இதைத்தான் செய்கிறது. ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டை மட்டும் பிராசஸர் எல்லா விதிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். அனுமதித்ததும் அந்த இணைப்பை ஒரு அட்டவணையில் எழுதி, மிச்சப் பாக்கெட்டுகளை அதற்கென்றே செய்த சிப்பிடம் விட்டுவிடும். அதை விரைவுப் பாதை என்று சொல்லலாம். 10 ஜிகாபிட் என்பது விரைவுப் பாதையின் வேகம். பாக்கெட்டின் வயிற்றைத் திறந்து பார்க்கும்படி எதை இயக்கினாலும் அந்த இணைப்பு விரைவுப் பாதையை விட்டு இறங்கி முகப்பில் நிற்கும். வீட்டு ரூட்டர்களிலும் இதே கதைதான். பிள்ளைகளின் கேம்முக்கு முன்னுரிமை தரட்டும் என்று போக்குவரத்து நிர்வாக வசதியை இயக்கியதும், 900க்கு மேல் வந்த வேகம் பாதிக்கும் கீழே போனதைப் பல வீவக அடுக்குமாடி வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் மதியப் பிரச்சினைக்கு வருவோம். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நீங்கள் எழுதிய ஒரு வரி: பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றும் ஆவதில்லை.

லைனோ போர்ட்டோ நிரம்பியிருந்தால் எல்லோரும் ஒன்றாகத்தான் கஷ்டப்படுவார்கள். சிலர் மட்டும் என்றால் வேறு கணக்கு. ஃபயர்வாலின் பிராசஸரில் நான்கு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் நான்கு பகுதிகள், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரும் பாக்கெட்டுகளை அந்த நான்கு பேருக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளை இருவரிடம் பிரித்துக் கொடுத்தால் வரிசை முன்பின்னாகிவிடும். அதனால் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண்கள் (கம்பி செருகும் போர்ட் அல்ல, இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) இவற்றைக் கலந்து ஒரு எண்ணாக்கி, அந்த எண்ணைப் பொறுத்து இணைப்பை ஒரு கோரிடம் ஒப்படைக்கிறார்கள். அது முடியும்வரை அந்தக் கோர்தான் பொறுப்பு. உங்கள் விபிஎன் எத்தனை கோப்புகளைச் சுமந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இணைப்பு, இரண்டு முகவரிக்கு நடுவில் ஓடும் ஒரே குழாய். ஆகவே பேக்கப் மொத்தமும் ஒரு கோரின் தலையில் விழுகிறது. அந்தக் கோர் 100 சதவீதத்தில் திணற, மற்ற மூன்றும் 7, 8 சதவீதத்தில் ஓய்வாக இருக்கின்றன. கூட்டி நான்கால் வகுத்தால் 30 சதவீதம். நீங்கள் பார்த்த எண் சரியானதுதான், ஆனால் அது நான்கு பேரின் சராசரி. அந்த ஒரு கோரிடம் மாட்டிக்கொண்ட வீடியோ அழைப்புகள் திக்குகின்றன, மற்ற கோர்களிடம் போனவை நன்றாக ஓடுகின்றன. அழைப்பைத் துண்டித்து மறுபடி சேர்ந்தால் சில சமயம் சரியாகிவிடுகிறதா என்று சக ஊழியர்களைக் கேளுங்கள். ஆமாம் என்றால் நான் சொல்வது ஏறக்குறைய உறுதி. போர்ட் எண் மாறி வேறு கோரிடம் போயிருக்கும்.

இங்கே இன்னொரு விஷயம் உண்டு, அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம். குரலுக்கு முன்னுரிமை விதி போட்டிருக்கிறேனே, அது ஏன் உதவவில்லை என்று கேட்பார்கள். முன்னுரிமை விதி வேலை செய்வது, பாக்கெட்டைப் படித்து இது குரல், இது பேக்கப் என்று பிரித்த பிறகு. கோர் திணறும்போது பாக்கெட்டுகள் படிக்கப்படுவதற்கு முன்பே, நெட்வொர்க் கார்டின் வாசலில் இருக்கும் சின்ன வளைய வரிசையில் நிரம்பி விழுகின்றன. அங்கே எது குரல் என்று யாருக்கும் தெரியாது. அவசர ஊர்தியும் காய்கறி லாரியும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பப்படுகின்றன. ஆகவே கோரைத் திணறும் நிலைக்கு விடாமல் இருப்பதே உண்மையான முன்னுரிமை.

லைன் நிரம்பித் தேங்குவது இதிலிருந்து வேறுபட்டது. அங்கே பெரும்பாலான பாக்கெட்டுகள் தொலையாமல் காத்திருக்கும். 10 மெகாபிட் லைனுக்கு முன்னால் 1 மெகாபைட் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் தற்காலிக இடம்) நிரம்பியிருந்தால், கடைசியில் நிற்கும் பாக்கெட்டுக்கு 0.8 வினாடி காத்திருப்பு. குரல் அழைப்புக்கு அது யுகம். இதற்கான நல்ல மருந்தாகிய கோடெல் என்ற வரிசை நிர்வாக முறையை கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கொடுத்தார்கள். அதன் மேம்பட்ட வடிவமான எஃப்கியூ-கோடெல் 2018இல் ஆர்எஃப்சி 8290ஆக வந்தது. இன்று பல ரூட்டர்களில் ஒரு தேர்வாகவே கிடைக்கிறது. ஜூரோங் கிளையின் லைன் உங்களுடையதைவிடச் சிறியது என்றால் அந்தப் பக்கம் இதைப் போட்டுப் பாருங்கள். ஆனால் பல பெட்டிகளில் இதுவும் விரைவுப் பாதையை அணைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு சுவர் உண்டு. அது வேகமானியில் தெரியவே தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துணைப்பாட நிலையத்தில் 120 மாணவர்கள் ஒரே நேரத்தில் இணையவழித் தேர்வைத் திறந்ததும் பாதிப் பேருக்குப் பக்கமே வரவில்லை. 1 ஜிகாபிட் லைனில் 80 மெகாபிட்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிபியுவும் நிதானமாக இருந்தது. பிள்ளைகள் சிலர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். ரூட்டரின் பதிவேட்டைத் திறந்தால் இணைப்பு அட்டவணை நிரம்பிவிட்டது, பாக்கெட்டைக் கைவிடுகிறேன் என்று அதன் இயங்குதளமான லினக்ஸ் வரிவரியாக எழுதியிருந்தது. அட்டவணையின் உச்ச வரம்பு 16,384. ஒரு மடிக்கணினி 150 இணைப்பு வைத்துக்கொண்டாலே 120 பேருக்கு 18,000 ஆகிவிடுகிறது. போதாததற்கு, ஒழுங்காக மூடப்படாத டிசிபி இணைப்பை லினக்ஸ் தன் இயல்பமைப்பில் 4,32,000 வினாடி, அதாவது 5 நாள், உயிரோடு இருப்பதாகவே எண்ணி இடம் பிடித்து வைத்திருக்கும். முந்தைய நாள்களில் மூடியைப் பட்டென்று மடக்கிவிட்டு வீட்டுக்குப் போன மாணவர்களின் இணைப்புகளெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தன. வரம்பை 65,536ஆக உயர்த்தினோம், அதற்குச் சுமார் 20 மெகாபைட் மெமரிதான் கூடுதல். காத்திருப்பை 7,440 வினாடியாகக் குறைத்தோம். அது 2 மணி 4 நிமிடம், ஆர்எஃப்சி 5382 அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு. ஒரு வெள்ளி செலவில்லை. அடுத்த தேர்வு அமைதியாக நடந்தது.

அட்டவணை நிரம்புவது சின்னப் பெட்டிகளின் நோய் மட்டுமல்ல. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக இணையத்தில் எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் அட்டவணை 5,12,000 வரிகளைத் தாண்டியபோது, அந்த அளவுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருந்த பழைய பெரிய ரூட்டர்கள் பல நாடுகளில் தடுமாறின. அவற்றின் வேகத்தில் குறையே இல்லை, எழுத இடம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் பெட்டியிலும் ஒரே நேரத்து செஷன்கள் (இணைப்புகள்) எத்தனை, வினாடிக்குப் புதிய செஷன்கள் எத்தனை என்று இரண்டு எண்கள் இருக்கும். 60 பேருக்கு அவை நெருக்கடி தராது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் உச்ச நேரத்தில் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பேக்கப் ஓடும்போது சிபியுவைக் கோர் கோராகப் பாருங்கள். லினக்ஸ் சார்ந்த பெட்டி என்றால் டாப் கட்டளையில் 1 என்ற எண்ணை அழுத்தினாலே பிரிந்து தெரியும். மென்பொருள் குறுக்கீட்டு நேரம் (திரையில் si) என்ற பத்தி ஒரு கோரில் மட்டும் ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். வெளிப் போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட் எண்ணிக்கையை 2 மணிக்கு முன்னும் 2:10க்கும் எழுதி வைத்துக் கழித்துப் பாருங்கள். ஒரு மடிக்கணினியில் மறுமொழி நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையை ஓடவிட்டு, பேக்கப்புக்கு முன் எத்தனை மில்லிவினாடி, பின் எத்தனை என்று பாருங்கள். இணையதளத்தில் வேகச் சோதனை செய்வதைவிட, ஃபயர்வாலின் இரு பக்கமும் ஒரு கணினியை வைத்து ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளைக் கொண்டு சோதிப்பது நம்பகமானது. ஒற்றை இணைப்பில் ஒரு முறை, எட்டு இணைப்பில் ஒரு முறை. எட்டில் வேகம் கணிசமாகக் கூடினால் ஒரு கோர்தான் உங்கள் முட்டுக்கட்டை. ஐபெர்ஃப்3இன் 3.16க்கு முந்தைய பதிப்புகள் தாங்களே ஒரே கோரில் ஓடுபவை, அதனால் புதிய பதிப்பையே போடுங்கள். இல்லையென்றால் மடிக்கணினியின் மூச்சுத்திணறலை ஃபயர்வாலுடையது என்று எழுதிவிடுவீர்கள்.

பிறகு பேக்கப்பை நகர்த்துங்கள். இரவு 8 மணிக்குத் தொடங்கி 300 மெகாபிட் உச்சவரம்பு போட்டாலும், 400 கிகாபைட் 3 மணி நேரத்தில் முடிந்துவிடும். வரம்பை பேக்கப் மென்பொருளிலேயே போடுவது நல்லது, ஃபயர்வாலுக்கு அந்த வேலையும் மிச்சம். ஒரு எச்சரிக்கை: பல கட்டடங்களில் மாலை 6 மணிக்கு மேல் மத்தியக் குளிரூட்டி நின்றுவிடும். இந்தப் பெட்டிகள் பொதுவாக 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று குறிப்பிட்டிருப்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய அலமாரிக்குள் அதை எட்டுவது கஷ்டமில்லை. அலமாரிக் கதவுக்குக் காற்றுத்துளை இருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு இரவுக்கு மாற்றுங்கள்.

பேக்கப் கட்டாயம் பகலில்தான் ஓட வேண்டும் என்றால், இரண்டு சர்வர்களுக்கு நடுவில் மட்டும் பொருந்தும் தனி விதி எழுதி, அந்த ஒன்றுக்கு மட்டும் ஊடுருவல் சோதனையை நிறுத்தலாம். இரு முனையும் உங்களுடையவை, பேக்கப் மென்பொருள் ஏற்கெனவே குறியாக்கம் செய்துதான் அனுப்புகிறது என்றால் அங்கே வயிற்றைத் திறந்து பார்த்தும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஊழியர்களின் இணையப் போக்குவரத்துக்கு மட்டும் சோதனையை நிறுத்தாதீர்கள். 650 மெகாபிட் 2 ஜிகாபிட்டாக ஆகலாம், ஆனால் எதற்காக ஃபயர்வால் வாங்கினீர்களோ அந்தக் காரணமே போய்விடும். 60 பேர் அலுவலகத்துக்குச் சோதனையோடு கூடிய 650 மெகாபிட் தாராளம் என்பது என் கருத்து. அந்த 10 ஜிகாபிட் சந்தாவைத்தான் நான் முதலில் மறுபரிசீலனை செய்வேன்.

இவ்வளவுக்கும் பிறகு பெட்டி போதவில்லை என்றால், தயங்காமல் கேளுங்கள். அப்போது உங்கள் கையில் கோர் வாரியான படமும், விழுந்த பாக்கெட் கணக்கும், பிங் எண்களும் இருக்கும். விற்பனையாளரிடம் ஃபயர்வால் வேகத்தைக் கேட்க வேண்டாம். எல்லாச் சோதனையும் டிஎல்எஸ் பிரிப்பும் சேர்ந்த வேகம் எவ்வளவு, எந்தக் கலவையில் அளந்தது, ஒற்றை விபிஎன் குழாயில் எவ்வளவு என்று கேளுங்கள். 2023இல் வந்த ஆர்எஃப்சி 9411, பாதுகாப்புப் பெட்டிகளை அவற்றின் பாதுகாப்பு வசதிகளை இயக்கியே அளக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. அந்த முறைப்படி எண் வைத்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். உங்கள் உச்ச நேரத் தேவையைப்போல் இரண்டு மடங்கு அந்த வரியில் இருந்தால் எனக்குத் திருப்தி. முடிந்தால் இரண்டு வாரத்துக்குப் பெட்டியை இரவல் கேளுங்கள், பலர் தருகிறார்கள். உங்கள் விதிகளை அப்படியே ஏற்றி, மதியம் 2 மணிக்கு பேக்கப்பை வேண்டுமென்றே ஓடவிட்டு, அந்தத் திக்கும் அழைப்புக்காரர்களை ஒரு கூட்டத்தில் உட்கார வையுங்கள்.